ஜெயக்கொடியை வெளியே விடாத வீடு

ஜெயக்கொடி மதினி தனக்கென்று ஒரு காரியமாக வீட்டைவிட்டுக் கிளம்பிய அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், கையில் ஒயர்கூடையும் கூடைக்குள் தண்ணீர் பாட்டிலும் ஆதார் அட்டையும் ஒரு மாற்றுச்சேலையுமாக, நிலைப்படியைத் தாண்டி வலது காலை எடுத்து வெளியே வைத்தாள். வைத்த கால் சாத்தூர் மேட்டுத் தெருவின் சிமெண்ட் ரோட்டில் படாமல், அவளுடைய அடுப்படியில், கிரைண்டருக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவே இருக்கிற ஈரத் தரையில் போய்ப் பட்டது. அடுப்பில் பால் பொங்கி வழியப் போகிற நேரம். அதை அணைத்துவிட்டு, வழிந்ததைத் துடைத்துவிட்டு, மறுபடி நடந்து வந்து மறுபடி காலை வைத்தாள், மறுபடியும் அடுப்படி. இடது காலை வைத்துப் பார்த்தாள். எந்தக் கால் என்பதைப் பற்றி அந்த வீட்டுக்கு அக்கறை இல்லை.

எதிர்வீட்டு மாடிப்படியில் வெங்காயம் காயவைத்துக்கொண்டு நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் இருந்தவள் இல்லாமல் போவதும், கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து முந்தானையில் கையைத் துடைத்தபடி வருவதுமாக இருந்தாள். "என்ன மதினி, அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கிறீக?" என்று கேட்டேன். "போக விடமாட்டேங்குது செண்பகம்" என்றாள், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

அவள் போக வேண்டியிருந்தது மதுரை ஆஸ்பத்திரிக்கு. குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டு, தட்டுப்பட்டதை யாரிடமும் சொல்லாமல், தீபாவளி முடியட்டும், மகனுக்கு வெளியூரில் வேலை கிடைக்கட்டும், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகட்டும் என்று ஒவ்வொன்றாக முடியவிட்டு, கடைசியில் தெருவுக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸ் எஸ்தரிடம் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொல்லியிருந்தாள். எஸ்தர் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைத் தள்ளிப்போடக் கூடாது, நாளைக்கே மதுரைக்குப் போங்க" என்றாள். அந்த நாளைக்குத்தான் வீடு இப்படிச் செய்தது.

கொல்லைப்புறக் கதவு வழியாகப் போனாள், அடுப்படிக்கே வந்தாள். மொட்டைமாடியிலிருந்து ஏணி வைத்துப் பக்கத்து மாடிக்கு இறங்கினாள், ஏணியின் கடைசிப் படிக்குக் கீழே அடுப்படி இருந்தது. எஸ்தர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து வெளியே தூக்கிவந்தால் ஸ்ட்ரெச்சரில் போர்வை மட்டும் இருந்தது, உள்ளே குக்கர் விசில் அடித்தது. புருஷன் தர்மராஜ் அண்ணாச்சி பஜாரில் சேவுக்கடை வைத்திருப்பவர், கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து, "என் கையைப் பிடிச்சுக்கிட்டு வா" என்று கூட்டிக்கொண்டு இறங்கினார். தெருவில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவர் கையில் ஒயர்கூடைதான் இருந்தது. கூடையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். "வீடே வேண்டாங்குது, நாம என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருக்கிறது என்று கடைக்குப் போய்விட்டார். கெட்ட மனுஷன் இல்லை. கெட்டவனாக இருந்தால் திட்டவாவது திட்டலாம்.

அந்த வீட்டின் சூட்சுமம் பிறகுதான் பிடிபட்டது. ரேஷன் கடையில் பாமாயில் போடுகிறார்கள் என்று சத்தம் வந்த அன்றைக்கு, ஜெயக்கொடி பழக்கதோஷத்தில் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள், தாண்டியவள் தெருவில்தான் நின்றாள். ரேஷன் கடைக்கு விட்டது, மாவு மில்லுக்கு விட்டது, மாமியாரின் கண்ணுக்குச் சொட்டுமருந்து வாங்க விட்டது, தர்மராஜின் தங்கை மகள் சடங்குக்குச் சீர்த்தட்டோடு விட்டது. வீட்டுக்காகப் போனால் வீடு விடும், தனக்காகப் போனால் விடாது. கல்யாணமாகி வந்த நாள்முதல் அவள் தனக்காக ஒரு தடவைகூடக் கிளம்பியதில்லை என்பதால் இந்த விஷயம் அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

"அப்ப ரேஷன் பையோட கெளம்புங்க மதினி, அப்படியே பஸ் ஏறிருவோம்" என்றாள் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிற மாரிக்கனி. அவளுக்கு எதற்கும் ஒரு வழி தோன்றும். பையோடு கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மதுரை பஸ்ஸின் படியில் ஜெயக்கொடி கால் வைத்தாள். ரேஷன் பை மட்டும் படியில் கிடந்தது. நாங்கள் திரும்பி வந்து பார்க்கும்போது அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெரு இதற்கெல்லாம் மலைத்துப் போகிற தெரு இல்லை. ஒரு வாரத்துக்குள் அதை ஒரு பெருமையாக மாற்றிக்கொண்டது. பொறுப்பான வீடு என்றார்கள், பொம்பளையை அலையவிடாத வீடு என்றார்கள், இந்தக் காலத்தில் மனுஷனுக்கு இல்லாத புத்தி மரத்துக்கும் சுண்ணாம்புக்கும் இருக்கிறதே என்று டீக்கடையில் பேசினார்கள். விருதுநகரிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் மாமியார்கள் மருமகள்களைக் கூட்டிக்கொண்டு வேனில் வந்தார்கள். மருமகள்கள் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து விழுந்து கும்பிட்டார்கள், மாமியார்கள் நகத்தால் நிலையின் ஓரத்தைச் சுரண்டி மரத்தூளை வெற்றிலையில் மடித்துக்கொண்டார்கள். ஆசாரி ஒருவர் வந்து நிலையை அளந்துகொண்டு போனார், இதே அளவில் நிலை வேண்டுமென்று அவருக்கு ஆர்டர் குவிகிறதாம். வந்தவர்களுக்கெல்லாம் ஜெயக்கொடிதான் காபி போட்டாள். தன்னைப் பூட்டிவைத்த வாசலைக் கும்பிட வந்தவர்களுக்குத் தானே டம்ளர் கழுவி, தானே ஆற்றி, தானே சர்க்கரை போதுமா என்றும் கேட்டாள். போதும் என்றவர்கள் நிலையைப் பற்றி விசாரித்தார்கள், மரம் பூவரசா தேக்கா என்று விசாரித்தார்கள், எத்தனை தலைமுறை வீடு என்று விசாரித்தார்கள். எங்கே போகத்தான் அவள் கிளம்பினாள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

மாமியார் சீனியம்மாள் நடுக்கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் வெற்றிலைத் தட்டை நீட்டினாள். பெருமைப்பட்டாளா என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வீட்டு வாசலைப் பற்றி யாராவது புகழ ஆரம்பித்தால், பாக்கு வெட்டியை எடுத்து வெட்டிய பாக்கையே மறுபடி மறுபடி வெட்டுவாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேங்காய் பழத்தோடு கோவிலுக்குப் போய்விட்டு வருவாள். அவளை வீடு ஒன்றும் செய்யவில்லை.

தெருப் பெண்கள் நாங்கள் எங்கள் வீட்டு நிலைகளைச் சோதித்துப் பார்த்தோமா என்று கேட்டால், இல்லை. அவரவர் வீட்டைக் கடந்து பால் வாங்கப் போனோம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனோம், குழுக் கூட்டத்துக்குப் போனோம். தனக்காக என்று கிளம்பிப் பார்க்க எங்களில் யாருக்கும் ஒரு இடம் ஞாபகம் வரவில்லை.

புளியங்கொட்டை நெல்லிக்காயாகியிருந்தது. ஒருநாள் மத்தியானம் உறை ஊற்றத் தயிர் வாங்கப் போனபோது ஜெயக்கொடி என் கையைப் பிடித்து ஜாக்கெட்டுக்கு மேலே வைத்தாள். கல்லைத் தொடுவதுபோல இருந்தது.

"வலிக்குதா மதினி?"

"வலி இல்ல. ஆனா செண்பகம், எனக்கு இன்னும் கொஞ்சநாள் இருக்கணும்போல இருக்கு. எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியல. மகனுக்குக் கல்யாணம் பண்ணிப் பாக்கணும்னு சொன்னா எல்லாரும் சரிம்பாக. அதுக்கில்ல. சும்மா இருக்கணும்போல இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இந்த வீட்டுல எல்லாருக்கும் எங்க என்ன வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். என்னையத் தொட்டுப் பாத்தது எஸ்தருக்கு அப்புறம் நீதான்."

எனக்கு அழுகை வந்தது. அவள் எனக்குக் காபி கலக்கப் போனாள்.

அன்று சாயங்காலம் நாங்கள் நாலு பேர் அந்த அடுப்படியில் கூடினோம், நான், எஸ்தர், மாரிக்கனி, பால்வாடி ஆயா கோமதி. அண்ணாச்சி அடுப்பைப் பிடித்துக்கொண்டால் வீடு ஏமாந்து அவரைப் பிடித்துக்கொள்ளாதா என்று மாரிக்கனி கேட்டதும் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், ஜெயக்கொடியும்தான். நாள் முழுக்கக் கடையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிற மனுஷனுக்கு வீட்டு அடுப்பின் திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. சிரித்து ஓய்ந்ததும் கோமதி கூடத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்: "பெரியம்மா, உங்க மாமியா இந்த வீட்டைவிட்டு எப்படி வெளிய போனாக?"

பாக்கு வெட்டும் சத்தம் நின்றது.

"பாடையிலதான்" என்றாள் சீனியம்மாள்.

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை, அண்ணாச்சி கடைக்குப் போனபிறகு, மாரிக்கனி மூங்கிலும் தென்னமட்டையும் கொண்டுவந்தாள். எங்களில் யாரும் அதற்குமுன் பாடை கட்டியதில்லை, ஒரு பக்கம் தூக்கலாகவே வந்தது. ஜெயக்கொடியைக் குளிப்பாட்டி, முகத்தில் மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தலை நிறையப் பூ வைத்தோம். பிறந்த வீட்டுக் கோடி போட அவளுக்குப் பிறந்த வீட்டில் ஆள் இல்லை. என் தங்கைக்கு எடுத்துவைத்திருந்த அரக்குச் சேலையை நான் போட்டேன். வாய்க்கரிசி போட்டபோது அவள் கண்ணை மூடியபடியே, "இந்த வீட்டுல எனக்கு முதல்ல சோறு போட்டது இன்னைக்குத்தான்" என்றாள். "செத்தவ பேசக் கூடாது" என்று எஸ்தர் அதட்டினாள்.

அழுதோம். அழுதோம் என்றுதான் நினைத்தோம். மாரிலடித்துக்கொண்டு, ஐயோ போயிட்டியே என்று ஆளுக்கொரு மூலையில் கத்திவிட்டு, கால் முன்னேபோகப் பாடையைத் தூக்கிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினோம். தாண்டியவர்கள் அடுப்படியில் நின்றோம், நாலு பேரும், பாடையும். மூங்கில் ஒரு முனை கிரைண்டரில் இடித்து இன்னொரு முனை பாத்திர ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டது. கோமதி பயந்து போய், "என்னையும் பிடிச்சிருச்சே ஆத்தா" என்று அலறினாள். பாடைமேல் படுத்திருந்த ஜெயக்கொடியின் மூடிய கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. "விட்ருங்க. உங்களுக்கும் சோலி கெடக்கும்" என்றாள்.

அப்போது சீனியம்மாள் கட்டிலைவிட்டு எழுந்து வந்தாள். "அந்தப் புள்ளையக் கூடத்துல எறக்குங்க" என்றாள். இறக்கினோம். முடிந்திருந்த கொண்டையை அவிழ்த்துவிட்டாள், மருமகளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள், அவள் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒப்பாரி அவள் வாயிலிருந்து வந்ததா தரைக்கு அடியிலிருந்து வந்ததா என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியாது.

உப்புப் பாத்துப் போட்டவளே, என் மகளே, உன்
உடம்பைப் பாக்க ஆளில்லையே,
கடைசிச் சட்டி வழிச்சவளே, என் மகளே, உன்
கண்ணைப் பாக்க ஆளில்லையே,
நானும் இங்க நின்னவதான், என் மகளே, இந்த
நிலையில மோதி நின்னவதான்,
வாயத் தொறந்து சொல்லலியே, என் மகளே, உன்ன
வச்சுப்புட்டு வந்தேனே.

பாட்டு உடைந்து பேச்சானது. அவளைப் பெற்ற அம்மா இருக்கன்குடிப் பக்கத்தில் செத்துப்போன அன்றைக்கு அவள் இந்த வாசலில் காலை வைத்தாளாம், வைக்க வைக்க அடுப்படியாம், எடுத்துப் போட்ட சேதி வருகிறவரைக்கும் நடந்துகொண்டே இருந்தாளாம். ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் வீட்டில் வேலை என்று சொன்னாளாம். "நீ வந்து அடுப்பைப் பத்தவச்ச அன்னைக்கு என்னைய விட்டுச்சு தாயி. விட்டதும் நான் கோவிலுக்கு ஓடுனேன். உனக்குத் தெரியணுமேன்னு நெனைக்கல. தெரிஞ்சா நீ அடுப்பை விட்ருவியோன்னு பயந்தேன். ஒரு கல்லைப்போல இத்தனை வருசம் உக்காந்திருந்தேனே." ஜெயக்கொடி கண்ணைத் திறக்காமல் மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு யாரும் நடிக்கவில்லை. கோமதி பதினேழு வயதில் கலைந்துபோன தன் பிள்ளைக்காக அழுதாள், எஸ்தர் எதற்கு அழுதாள் என்று சொல்லவில்லை, மாரிக்கனி தன் புருஷன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே அழுதாள், நான் எனக்கு மறந்துபோன ஏதோ ஒரு இடத்துக்காக அழுதேன். அழுதபடியே தூக்கினோம். நிலைப்படி தாண்டும்போது தலைக்குமேல் மரம் ஒருமுறை முனகியது. காலில் சிமெண்ட் ரோடு சுட்டது. ஜெயக்கொடியின் முகத்தில் வெயில் விழுந்தது, மஞ்சள் பூசிய முகம் சுருங்கியது.

பொம்பளைகள் பாடை தூக்கி வருவதைப் பார்த்து டீக்கடை ஆண்கள் எழுந்து நின்றார்கள், தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கினார்கள், யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. தெருமுனை வந்தது. செத்தவர்களோடு பெண்கள் அந்த இடம்வரைக்கும்தான் வரலாம், அதற்குமேல் திரும்பிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எங்கள் கால்களுக்கு அந்த வழக்கம் அன்று மறந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இறக்கிவைத்ததும் ஜெயக்கொடி எழுந்து, வாயிலிருந்த அரிசியைத் துப்பிவிட்டு, பூவை உதறிவிட்டு, மதுரை பஸ்ஸின் படியில் கால் வைத்தாள். கால் அங்கேயே இருந்தது. கண்டக்டர் பாடையைப் பார்த்து, "அதுவும் வருதா? லக்கேஜ் போடணும்" என்றார். "அது இங்கயே இருக்கட்டும்" என்று எஸ்தர் ரெண்டு டிக்கெட் வாங்கினாள்.

அன்று மத்தியானம் சாப்பிட வந்த அண்ணாச்சிக்குச் சீனியம்மாள்தான் சோறு போட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் தேங்காய் பழத்தட்டோடு வாசலுக்கு வருவதை நான் மாடிப்படியிலிருந்து பார்த்தேன். தட்டைப் பார்த்தாள், நிலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வாசலில் யாரும் இல்லை, அடுப்படிப் பக்கம் தேங்காய் தரையில் உருளும் சத்தம் கேட்டது. இது நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கொண்டையை அவிழ்த்தாள்.

மாரிக்கனி அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரையும் கூப்பிடாமல் தனியாக ஒரு சினிமாவுக்குக் கிளம்பினாள். போய்ச் சேர்ந்தாளா என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது.

மதுரையில் ஜெயக்கொடிக்கு இடது மார்பை எடுத்தார்கள், அக்குளில் கட்டியிருந்த நெறிகளையும் எடுத்தார்கள், பிறகு மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, நாக்கில் ருசி போனது, உயிர் இருந்தது. எஸ்தரின் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டாள். அண்ணாச்சி காராச்சேவுப் பொட்டலத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார், போன ஒவ்வொரு தடவையும் எப்போது வருவாய் என்று கேட்டாராம். ஆடி முடிந்து அவள் திரும்பி வந்தபோது தலையில் கட்டைவிரல் உயரத்துக்கு முடி முளைத்திருந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கி, ஒயர்கூடையோடு நேராகத் தன் வீட்டு வாசலுக்குத்தான் போனாள். அதைத் தவிர வேறு எங்கே போவது என்று அவளுக்கும் தெரியாது.

சீனியம்மாள் உள்ளே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது காலைத் தூக்கியவளைப் பார்த்து, "வராத" என்றாள்.

தூக்கிய கால் நின்றது.

"உள்ள வராத. செத்தவ செத்தவளாவே இரு. அங்கனயே நின்னு பேசு."

"அத்தை."

"செண்பகம் வீட்டு மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. அங்க இரு." படிக்கு உள்பக்கத்திலிருந்து காபி டம்ளரை நீட்டினாள். கை மட்டும் வெளியே வந்தது, அதற்கு மட்டும் வீடு ஒன்றும் சொல்லவில்லை. "சர்க்கர போதுமா பாரு."

ஜெயக்கொடி ரோட்டில் நின்று காபி குடித்தாள். அழுதுகொண்டே குடித்தாள். குடித்து முடித்ததும் கேட்டாள்: "நீங்க எப்படி வெளிய வருவீங்க அத்தை?"

சீனியம்மாள் மருமகளின் இடது தோளைப் பார்த்தாள். நெறிகளை எடுத்த பக்கம் கை மேலே ஏறாது, சுவரில் விரலை ஊன்றி ஊன்றித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக வேண்டும் என்று எஸ்தர் சொல்லியிருந்தது தெரு முழுக்கத் தெரியும்.

"கை எவ்வளவு ஏறுது?"

"தோள் வரைக்கும்."

"பாடைய தோள்ல வைக்கணும்னா அதுக்கு மேல ஏறணுமே" என்றாள் சீனியம்மாள். "மத்த மூணு மூலைக்கு ஆளு இருக்கு. முன்பக்கம் நீதான் பிடிக்கணும்."

மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஜெயக்கொடி என் மாடியிலிருந்து இறங்கி, தெருவைத் தாண்டி, அந்த வீட்டு வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் இடது கை விரல்களை வைத்து, எறும்பு ஏறுகிற மாதிரி மேலே ஏற்றுகிறாள். நிலைப்படிக்கு உள்ளே நின்றபடி சீனியம்மாள் எட்டிப் பார்த்து, அன்றன்று கை ஏறிய இடத்தில் மஞ்சளால் ஒரு கோடு போடச் சொல்கிறாள். வலியில் ஜெயக்கொடி உதட்டைக் கடிக்கும்போது அவளும் கடிக்கிறாள்.

"இன்னும் ரெண்டு விரக்கடை ஏத்து, தாயி" என்கிறாள். "சோறு வெந்துரும், நான் போகணும்."